வெளியூரில் அடிபட்டால் வக்கீல் பிடிப்பது எப்படி?

வெளியூரில் குடித்தனம் வைத்ததும் நாம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வோம். காஸ் கனெக்‌ஷனுக்கு ஒருத்தர், பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டுக்கு ஒருத்தர், இட்லி அரிசிக்கு ஒரு கடை, தீபாவளி டிக்கெட்டுக்கு ஒரு ஏஜெண்ட். வக்கீலை மட்டும் யாரும் தேடி வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்போம்.

போன வாரம் பிம்ப்ரியில் இருந்து ஒரு நண்பர் போன். "தம்பி அடிபட்டுட்டான். கேஸ் போடணுமாமே, யாரைப் பார்க்கணும்?" இந்தக் கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் இவர். மூன்று பேருக்கும் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. புனே பக்கம் சாக்கனில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மெண்ட். மூன்று வருஷம் ஷிவாஜிநகர் கோர்ட்டுக்கு நடந்ததில் (முதல் வருஷம் நொண்டியதில்) தெரிந்துகொண்டதுதான் இது.

கதைச் சுருக்கம். 2022 ஆகஸ்டில் ஆபீஸ் வேலையாக சாத்தாரா போய்விட்டு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். காத்ரஜ் புதுச் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். புனேக்காரர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதே வருஷம் நவம்பர் 20-ம் தேதி ஒரு கனரக வண்டி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளை அடித்து நொறுக்கியது அங்கேதான். எங்களுக்கு முன்னால் டிராஃபிக் நின்றது. எங்கள் டிரைவரும் நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிறுத்தவில்லை. எங்கள் கார் முன்னால் நின்ற டெம்போவில் போய்ச் சொருகியது. முன் சீட்டில் இருந்த இரண்டு பேருக்குமே வலது கணுக்கால் உடைந்தது. ஒருவர் நான், இன்னொருவர் டிரைவர். லாத்தூர்க்காரர், வயது 37. இங்கே எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை 'பாவு' என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் என்று அர்த்தம்.

ஒரே கார், ஒரே லாரி, ஒரே எலும்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலுக்கே வருகிற வக்கீல்

மூன்றாம் நாள் காலையில் ஒருத்தர் பழத்தோடு வந்தார். சொந்தக்காரர் மாதிரி நலம் விசாரித்தார். "கவலையே வேண்டாம், கேஸை நாங்க பார்த்துக்கறோம். கையில இருந்து ஒரு பைசா வேண்டாம். பணம் வந்தா 25 பர்சென்ட் கொடுங்க போதும்" என்று வக்காலத்துப் பேப்பரையும், கூடவே எதுவும் எழுதாத இரண்டு ஸ்டாம்ப் பேப்பரையும் நீட்டினார்.

வீட்டம்மாவின் ஹிந்தி அன்றைக்குத்தான் உச்சத்தைத் தொட்டது. "அந்த 25 பர்சென்ட்டை எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். "இதெல்லாம் எழுத மாட்டாங்க பாபி" என்றார். "அப்ப நாங்களும் எழுத மாட்டோம்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஏன் எழுத மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா பையன், "ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு வக்கீலுக்கு, தோத்தா ஃபீஸே கிடையாது, இங்க அதான்டா வழக்கம்" என்றான். அமெரிக்காவில் அது சட்டப்படி சரி. ரோட்டோரத்தில் போர்டு வைத்தே ஆள் பிடிப்பார்கள். நம் நாட்டில் பார் கவுன்சில் விதிகளில் இரண்டுமே தடை. கேஸின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாது, வருகிற பணத்தில் பங்கு கேட்கக்கூடாது. விளம்பரம் செய்தோ புரோக்கர் வைத்தோ கேஸ் பிடிக்கக்கூடாது. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆள் அனுப்புகிற வக்கீல், உங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இரண்டு விதிகளைத் தாண்டிவிட்டார். பங்கு கேட்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எழுத்தில் இல்லாத அந்த 25, பணம் வருகிற அன்றைக்கு 40 ஆனால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

காகா கேட்ட கேள்விகள்

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிடையரான ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கிறார். கட்கி, தேஹு ரோடு பக்கம் நம்மவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாத ஆபீஸ் கிடையாது. அண்ணாச்சிதான் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். அறுபது தாண்டிய மராட்டிக்காரர். எல்லாரும் காகா என்பார்கள். சித்தப்பா என்று அர்த்தம். ஷிவாஜிநகர் கோர்ட் பக்கத்தில் மாடியில் சின்ன ரூம். லிஃப்ட் இல்லை. கால் உடைந்தவர்களின் வக்கீலுக்கு மாடியில் ஆபீஸ்!

எவ்வளவு வரும் என்று அவர் பேசவே இல்லை. கேள்விதான் கேட்டார். எஃப்.ஐ.ஆர். யார் மேல்? பஞ்சநாமா நகல் வாங்கியாச்சா? அன்றைக்கு லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா, டிரைவருக்கு லைசென்ஸ் இருந்ததா? டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில் எல்லாம் எங்கே? எத்தனை நாள் சம்பளமில்லா லீவு? கடைசியாக, "விபத்துக்கு முன்னால் நீ செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை?"

யோசித்துப் பார்த்தேன். மாடிப்படி ஏறினால் வலி. சம்மணம் போட்டு உட்கார முடியாது. ஷட்டில் ஆடுவது போச்சு. வேலை? கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சம்பளம் குறையவில்லை.

"அப்படியானால் உன் கேஸ் சின்னது. நல்லது, சின்னதாகவே இருக்கட்டும். உன் டிரைவர் எங்கே? அவன் கேஸ்தான் பெரியது. கூட்டிக்கொண்டு வா" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் 2010-ல் ராஜ் குமார் - அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இருக்கிறது. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது ஒன்று, சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறொன்று. இடது கை போன ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே மொத்தமாகப் போய்விடலாம். அதே கை போன அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை அப்படியே இருக்கலாம். கோர்ட் பார்க்க வேண்டியது இரண்டாவது சதவீதத்தை.

எனக்கு 18 சதவீத ஊனம் என்று சர்டிஃபிகேட். பாவுக்கு 20. நான் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். அவருக்குப் பிரேக்கை முழுசாக அழுத்துகிற அளவுக்குக் கால் மடங்கவில்லை.

பாவின் கேஸ் கட்டு

பாவு இருந்தது வேறு ஆஸ்பத்திரி. பழத்தோடு வந்த கோஷ்டி அங்கேயும் போயிருந்தது. அவர் மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், ஒரிஜினல் பில் எல்லாமும் போய்விட்டது. கையில் காசில்லாமல், புருஷன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது நீட்டினால் யார்தான் போட மாட்டார்கள்? நான்கு மாசம் கழித்து, "இரண்டு லட்சத்துக்குப் பேசி முடித்துவிடலாம்" என்று சேதி வந்ததாம்.

வக்கீலை மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது நடைமுறை. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகா ஒரு கடிதம் எழுதினார். அண்ணாச்சி இரண்டு தடவை நேரில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் கட்டு வந்தது. எழுதாத ஸ்டாம்ப் பேப்பரையும் எண்ணி வாங்கினோம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1994-க்குப் பிறகு விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. 2019 சட்டத் திருத்தம் ஆறு மாசக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. அமலுக்கு வந்தது 2022 ஏப்ரல் 1-ம் தேதி. எங்கள் விபத்துக்கு நான்கு மாசம் முன்னால்தான். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போய், கெடு தாண்டியதைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆறு மாசத்துக்குள் போட்டுவிடுங்கள். எங்கள் இரண்டு மனுவும் 2023 ஜனவரியில் தாக்கலாகின.

பாவுக்கு இன்னொரு வழியும் இருந்தது. வேலை நேரத்தில் அடிபட்டதால், அப்போது அமலில் இருந்த 1923-ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கார் முதலாளியிடம் கேட்கலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 167-ம் பிரிவுப்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். காகா பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மாசம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. நாற்பது வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லை, அதனால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400. (இது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. காயம்பட்டவர்களுக்கும் பொருந்தும் என்று 2020-ல் சொன்னார்கள்.) 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கும் எண் 15. இது 2009 சரளா வர்மா தீர்ப்பு. ஊனம் 20 சதவீதம் என்பதையே பிழைப்பு இழப்பாகவும் எடுத்தால் 9,07,200. பிழைப்பில் பாதி போனது என்று நிரூபித்தால் 22,68,000. சிகிச்சைச் செலவு, வலி வேதனைக்கான தொகை, வட்டி எல்லாம் தனி.

அந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் ஐயா வக்கீல். எலும்பு அதேதான்.

ஊரில் போடலாமா, இங்கேயா?

என் அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் போட வேண்டும் என்று ஆசை. "நம்ம வக்கீல் இருக்காரு, தமிழ்லயே பேசிக்கலாம்." சட்டம் இடம் கொடுக்கிறது. 166-ம் பிரிவுப்படி விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மூன்றில் எது வேண்டுமானாலும் உங்கள் இஷ்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கும் ஊரில் போட்டாலும் செல்லும் என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. மேற்கு வங்காளத்தில் நடந்த விபத்துக்கு உத்தரப்பிரதேசத்தில் போட்ட வழக்கை மாற்றச் சொல்லி வண்டி உரிமையாளர் கேட்டதை 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. படுத்த படுக்கையாக ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஊரில் போடுவதுதான் நல்லது.

எங்களுக்குக் காகா சொன்னது வேறு. "சாட்சி சொல்ல வேண்டிய டாக்டர் எங்கே இருக்கிறார்?" ஆபரேஷன் செய்த டாக்டர், ஆஸ்பத்திரி ரெக்கார்டு, போலீஸ் பேப்பர், வேலை பார்த்த இடம், எல்லாம் புனே. சிகிச்சையே பார்க்காமல் சர்டிஃபிகேட் மட்டும் கொடுக்கிற டாக்டர்களை ஜாக்கிரதையாக எடைபோட வேண்டும் என்று அதே 2010 தீர்ப்பு சொல்கிறது. அதனால் சிகிச்சை பார்த்தவரே கூண்டேறினால்தான் கேஸ் நிற்கும். பிஸியான சர்ஜனைத் திருநெல்வேலிக்கு யார் கூட்டிப் போவது? மராட்டிப் பேப்பரை அங்கே யார் மொழிபெயர்ப்பது? அப்பாவும் சரி என்றுவிட்டார்.

நடந்தது என்ன?

ஃபீஸ் முன்கூட்டியே பேசி முடிவானது. எனக்கு 30,000, மூன்று தவணை. மனு போடும்போது, சாட்சியம் முடியும்போது, வாதம் முடியும்போது. ஒவ்வொன்றுக்கும் ரசீது. பாவிடம் முதல் தவணை மட்டும் பாதியாக வாங்கிக்கொண்டார், மீதியைக் கட்ட நாள் கொடுத்தார்.

எனக்கு 2024-ல் லோக் அதாலத்தில் 3 லட்சத்துச் சொச்சத்துக்கு முடிந்தது. பிழைப்பு போகாதவனுக்கு அது நியாயமான தொகை, சீக்கிரமும் கிடைத்தது. அதே அதாலத்தில் பாவுக்கு 6 லட்சம் சொன்னார்கள். அவர் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், சம்பளம் 9,000. மகள் பத்தாம் வகுப்பு. காகா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "இதில் கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. இதுதான் முடிவு. வேண்டாம் என்றால் இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், எவ்வளவு வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் டாக்டர் சாட்சி இன்னும் வரவில்லை. முடிவு உன்னுடையது." பத்து நிமிஷம் பாவு எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து வேண்டாம் என்றார்.

மூன்றாவது சம்மனுக்கு டாக்டர் வந்தார். காகா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வாடகை வண்டி ஓட்டுகிறவர் லைசென்ஸ் புதுப்பிக்கக் கொண்டுவரும் மருத்துவச் சான்று 1ஏ படிவத்தில் இவருக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" டாக்டர் எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்துவிட்டு, "போட மாட்டேன்" என்றார். கார் நின்றுகொண்டிருந்தது, பின்னால் இருந்து லாரிதான் மோதியது என்று சாட்சி சொன்னது நான். இன்சூரன்ஸ் வக்கீல், திடீரென்று பிரேக் போட்டாரா என்று நாலு விதமாகக் கேட்டார். நாலு தடவையும் இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்தானே.

2025-ல் தீர்ப்பு. சம்பளச் சீட்டு இல்லாததால் வருமானத்தை 15,000 என்று எடுத்தார்கள். பிழைப்பு இழப்பு 50 சதவீதம் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தலைப்பில் மட்டும் 18,90,000. மற்றவையும் வட்டியும் தனி. பணம் பாவின் பேரில் இருந்த கணக்குக்கே வந்தது. அதில் ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட உத்தரவு. பாவு இன்னும் வாட்ச்மேன்தான். இழப்பீடு காலைத் திருப்பிக் கொடுக்காது. மகள் இப்போது காலேஜ்.

சுருக்கமாக

1. போகாத உயிரைக் காப்பாற்றுவது முதலில். 112-க்குப் போன் செய்யுங்கள். 2025 மே மாசம் வந்த திட்டப்படி விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. கேட்டு வாங்குங்கள்.

2. விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் போலீஸ் டிரிப்யூனலுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2022 விதி. கொடுத்தார்களா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள்.

3. எழுதாத பேப்பரில் கையெழுத்து வேண்டாம். யார் நீட்டினாலும், வக்கீலானாலும் இன்சூரன்ஸ் ஆளானாலும். ஒரிஜினல் பில்லைக் கொடுக்கும்போது நகல் எடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

4. வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்த மாதிரி கேஸ் எத்தனை நடத்தினார், டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிடுவாரா என்று கேளுங்கள். ஃபீஸை எழுத்தில் வாங்குங்கள்.

5. காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. போன் 15100.

6. முதல் சந்திப்பிலேயே "இவ்வளவு வாங்கித் தருகிறேன்" என்கிறவரை விட்டுவிடுங்கள். "என்ன வேலை பார்க்கிறாய், இப்போது எதைச் செய்ய முடியவில்லை" என்று கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. உங்களோடு அதே வண்டியில் வேறு யார் அடிபட்டார்கள், அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். நமக்கு ஹெச்.ஆர். இருக்கிறது, மெடிக்ளெய்ம் இருக்கிறது, கட்கியில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.